அவள் சொன்னதும் அவர்கள் சொன்னதும்

விலையை எழுதி ஒட்டிவைக்கிற ஊரில் என்னைப் போன்ற ஆளுக்கு வேலையே கிடையாது. தக்காளி என்ன விலை என்று தக்காளியே சொல்லிவிடுகிறது. விற்பவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை, வாங்குபவரும் திறக்க வேண்டியதில்லை. வந்த புதிதில் இந்த ஊர்ச் சந்தைக்குள் நுழைந்தபோது ஏதோ துக்க வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்றுதான் நினைத்தேன். அவ்வளவு அமைதி.

இதை அந்த அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள், தம்பி. விசாரணை அதிகாரி என்றாலும் சந்தைக்குப் போகிறவர்தானே. சிரிப்பார்.

சிரித்துவிட்டார், பாருங்கள்.

எனக்கு இந்த ஊர் மொழி நன்றாகத் தெரியும். உங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறகு எதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றேன் என்றால், இலவசம் என்றார்கள். இலவசமாக வருவதை வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை. இன்னொன்று, எனக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்து பேசினால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட ஆசை. வாழ்நாள் முழுக்க அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்தவன் நான்.

என் அப்பா தரகர். வீடோ கடையோ பழைய இயந்திரமோ, ஏன், கல்யாணமோ, எது கைமாறினாலும் நடுவில் அவர் இருப்பார். விற்பவரை முன்னறையில் உட்கார வைப்பார். வாங்குபவரைப் பின்னறையில் உட்கார வைப்பார். இரண்டுக்கும் நடுவே ஒரு நடை. அந்த நடையில் நடந்துதான் எங்களுக்குச் சோறு போட்டார். முன்னறையில், "இந்த விலைக்குக் கேக்கறவனைச் செருப்பால அடிக்கணும்" என்பார்கள். அப்பா பொறுமையாக நடந்து பின்னறைக்கு வந்து, "உங்களுக்குத் தர்றதுல அவருக்கு ரொம்ப சந்தோஷம். விலையில மட்டும் கொஞ்சம் மனசு வைக்கச் சொல்றார்" என்பார். கடைசியில் இரண்டு தரப்பும் வெற்றிலை மென்றுகொண்டு சிரித்தபடி போவார்கள். நேருக்கு நேர் உட்கார வைத்திருந்தால் அடிதடிதான்.

"வார்த்தையைத் தூக்கிட்டுப் போறவன் தபால்காரன்டா. நாம மனசைத் தூக்கிட்டுப் போறவங்க" என்பார் அப்பா. எங்கள் தெருவில் அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. தொழில் என்றார்கள்.

எனக்குக் கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. முகவெட்டு சுமார், உயரம் அதைவிடச் சுமார். என்னிடம் இருந்த ஒரே சொத்து வாய். அவளோ நான் கனவிலும் கேட்டிருக்கக்கூடிய விலைக்கு மேலே இருந்தாள். நல்ல நிறுவையான சிரிப்பு, தெருக்கோடி வரை கேட்கும். யாரிடம் வேண்டுமானாலும் பேசுவாள், பேருந்து நிற்கும் இடத்தில் பக்கத்தில் நிற்பவரின் குடும்பக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். அவளை அழைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். இவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ. நான் செய்ததற்கெல்லாம் காரணம் கேட்டால், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இதுதான். அவள் போகக் கூடாது. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

முதலில் காய்கறிக் கடை. அவளுக்கு மொழி தெரியாது. ஆனால் பேரம் பேசாமல் வாங்கினால் அவளுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இதைப் பறிச்சு எத்தனை நாளாச்சாம்? இதுக்கு இந்த விலையா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கான்னு கேளுங்க."

நான் கடைக்காரரைப் பார்த்து, "இவ்வளவு அழகான கத்தரிக்காயை எங்க ஊர்ல பார்த்ததே இல்லன்னு சொல்றாங்க" என்றேன்.

கடைக்காரர் உம்மென்று இருப்பவர். அந்த முகம் மெல்ல மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "எங்க தோட்டத்துல விளைஞ்சதுங்க. இத்தனை வருஷத்துல யாரும் கவனிச்சுச் சொன்னதில்ல" என்று கூடுதலாக இரண்டு காயும் ஒரு பிடி எலுமிச்சையும் பையில் போட்டார்.

"என்னவாம்?" என்றாள்.

"நீ கேட்டது உறைச்சுடுச்சு. மன்னிச்சுக்கச் சொல்றார்."

"அப்படி வா வழிக்கு" என்று அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார். இருவரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு பிரிந்தார்கள். சொல்லுங்கள், இதில் யாருக்கு நஷ்டம்?

முடி வெட்டும் கடையிலும் இதே கதைதான். "நுனியை மட்டும் எடுக்கச் சொன்னா, இவ என்ன புல்லு வெட்டறாளா" என்றாள் என் வீட்டுக்காரி. உங்கள் கை பூ மாதிரி இருக்கிறதாம் என்றேன் நான். முடி வெட்டுகிற பெண் கண்கலங்கி, கத்தரியோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எதுக்குங்க கட்டிப்பிடிக்கிறா?"

"தப்பு பண்ணிட்டோமேன்னு வருத்தப்படறா."

"சரி, பாவம். விடுங்க."

தம்பி, இப்போது நீங்கள் அந்த அம்மாவிடம், நான் பொய் சொன்னேன் என்பதற்குப் பதிலாகச் சற்று மாற்றிச் சொன்னேன் என்று சொன்னீர்கள். கவனித்தேன். நல்ல மனசு உங்களுக்கு. எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

சில மாதங்களில் அந்தத் தெருவே அவளுக்கு வாலாட்டியது. காய்கறிக்காரர் அவளுக்குக் கத்தரிக்காய் ராணி என்று பெயர் வைத்துவிட்டார். பேரம் பேசிப் பேசி ஊரையே மடக்கிப்போட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். உலகத்திலேயே பண்பான பெண் நம் தெருவுக்கு வந்திருக்கிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நடுவில் நான் காற்றாடி மாதிரி பறந்துகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னைத் தேடியதில்லை.

கெட்டது எங்கே என்றால், அவள் நன்றி என்பதற்கு இந்த ஊர் மொழியில் என்ன என்று கற்றுக்கொண்டுவிட்டாள். பிறகு காலை வணக்கம். பிறகு, எப்படி இருக்கிறீர்கள். ஒவ்வொரு சொல்லையும் நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காய்கறிக்காரர் ஏதோ சொல்ல, அவள் என் முகத்தைப் பார்க்காமலே சிரித்தாள். அவர் பேசியது அவளுக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சிரித்தாளே, என்னைக் கேட்காமல்.

அந்தச் சமயத்தில்தான் தையல்கடை.

முழுக்கால் சட்டையின் கால் நீளத்தைக் குறைத்துத் தரும் சின்னக் கடை. நடத்துகிற அம்மா எப்போதும் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, வாடிக்கையாளர்களையெல்லாம் கிழிந்த துணியைப் பார்ப்பது போலப் பார்ப்பவர். என் வீட்டுக்காரியின் மேல்கோட்டுக்குப் பொத்தான் வாங்கப் போயிருந்தோம். அந்த அம்மா கோட்டை வாங்கி உள்பக்கம் புரட்டினார். உள்துணி பிரிந்திருந்த இடத்தை இவள் கையாலேயே தைத்திருந்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னிடம் பேசினார். அவர் குண்டூசி இல்லாமல் பேசி அன்றுதான் பார்த்தேன்.

"இதை யார் தச்சது, இவங்களா? இப்படி ஒரு கையைத்தான் நான் தேடிட்டு இருக்கேன். ஜன்னல் பக்கம் ஒரு மெஷின் சும்மாதான் கிடக்குது. நாளைக்கே வரச் சொல்லுங்க. மொழி தெரியலன்னா என்ன, ஊசி பிடிக்க மொழி எதுக்கு. உக்காந்தா தன்னால வந்துடும்."

என் வீட்டுக்காரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சேதி என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. முகம் பாதி சிரிப்பில் நின்றிருந்தது.

"என்னங்க சொல்றாங்க?"

நீங்களே யோசித்துப் பாருங்கள். முன்னறைக்காரரும் பின்னறைக்காரரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தேநீர் குடிக்க ஆரம்பித்துவிட்டால், நடையில் நிற்பவன் எங்கே போவான்? ஜன்னல் பக்கத்து இருக்கை, தெருவில் போகிற வருகிறவர்கள், தன் கையில் தன் சம்பாத்தியம், வாயில் சொந்தமாக ஒரு மொழி. இத்தனையும் கிடைத்த பிறகு என்னைப் போன்ற சரக்கை எவள் வைத்துக்கொள்வாள்?

"தையல் ரொம்ப மோசமாம். பிரிச்சுட்டுப் புதுசா போடணுமாம். இதைப் போட்டுக்கிட்டு வெளிய நடமாடாதீங்கன்னு சொல்றாங்க" என்றேன்.

அவள் அந்தத் தையலை விரலால் தடவினாள். "அவசரத்துல போட்டதுங்கன்னு சொல்லுங்க" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

நான் தையல்கடை அம்மாவிடம், "எங்க வீட்டுப் பொம்பளைங்க அடுத்தவங்க துணியைத் தொடற வழக்கமில்லன்னு சொல்றாங்க" என்றேன்.

அவர் குண்டூசிகளை மறுபடி ஒவ்வொன்றாக வாயில் வைத்துக்கொண்டார். பொத்தானுக்கு எங்களிடம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. கோட்டை மடித்துக் கொடுத்த விதத்திலேயே இனிமேல் வராதீர்கள் என்பது இருந்தது. அதை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு முடிச்சைப் போட்டவனுக்கு அடுத்த முடிச்சு தானாக வரும். காய்கறிக்காரர், நீ தொட்டுத் தொட்டுப் பார்ப்பதால் மற்றவர்கள் வாங்குவதில்லை என்றாராம். முடி வெட்டும் பெண், வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம் என்று இவளிடம் சொல்லிவைத்தேன். மொழி வகுப்பு நடத்தும் நூலகத்து அம்மா ஒவ்வொரு முறையும் இரண்டு கையையும் நீட்டி, "வாங்க, வாங்க, இடம் இருக்கு" என்றார். நான் இவள் பக்கம் திரும்பி, "இடமே இல்லையாம்" என்றேன். கையை அப்படி நீட்டிக்கொண்டு இடமில்லை என்கிறாரே என்று அவளுக்குத் தோன்றியது. "இந்த ஊர்ல அப்படித்தான் காட்டுவாங்க" என்றேன்.

அவளுடைய அக்கா ஊரிலிருந்து தொலைபேசியில், "இப்பல்லாம் கைப்பேசியே மொழிபெயர்த்துச் சொல்லுதாமேடி" என்று ஒருநாள் ஆரம்பித்தாள். நான் உடனே எடுத்துக் காட்டினேன். ஒரு வாக்கியத்தைப் போட்டேன், அது உளறியது. நான் போட்டதே உளறல்தான். "இதை நம்பினா தெருவுல அடி வாங்கித்தான் வீடு வரணும்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்பை அதற்குப் பிறகு வெகுகாலம் நான் கேட்கவில்லை.

"நான் என்னங்க பண்ணேன் இவங்களுக்கு?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நீ ஒண்ணும் பண்ணல. ஆளுங்க அப்படி. விடு, நான் இருக்கேன்ல" என்றேன். இதை நான் மனசாரத்தான் சொன்னேன். எழுதிக்கொள்கிறார்களா? சொல்லுங்கள், மனசார.

அதிகாரி அம்மாவின் முகம் சுருங்குகிறது. இந்த ஊர்க்காரர்களையெல்லாம் நான் பொல்லாதவர்களாக்கிவிட்டேன் என்று வருத்தம் போலிருக்கிறது. ஒரே ஒரு வீட்டுக்குள்தான் ஆக்கினேன் என்று சொல்லுங்கள். வெளியே அவர்கள் பெயர் பத்திரமாகவே இருக்கிறது.

வீட்டுக்குள்ளேயே இருந்ததில் அவளுக்குத் தூக்கம் போனது. சாப்பாடு குறைந்தது. டாக்டரிடம் அழைத்துப்போனேன். இதை யாரும் மறக்க வேண்டாம், அழைத்துப்போனது நான்தான். டாக்டர் நிதானமான மனிதர். அவளைச் சோதித்துவிட்டுக் காதிலிருந்து கருவியைக் கழற்றினார்.

"இதயம் குதிரை மாதிரி ஓடுது. உடம்புல ஒரு குறையும் இல்ல. தனியா இருக்கறதுதான் இவங்க வியாதி. வெளிய அனுப்புங்க, நாலு பேரோட பழகட்டும். மாடிப்படி ஏறி இறங்கட்டும். இப்போதைக்குச் சத்து மாத்திரை தர்றேன்."

நான் அவளிடம் சொன்னேன். "இதயம் பலவீனமா இருக்காம். வெளிய அலையக் கூடாது. நாலு பேரோட பேசிப் படபடப்பு வரக் கூடாது. மாடிப்படியை மெதுவா ஏறணும். இந்த மாத்திரையை ஒருநாள்கூட விடக் கூடாது."

அவருடைய சொற்களைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினேன் என்பதைக் கவனிக்க வேண்டும். இதயம் என்றார், இதயம் என்றேன். மாடிப்படி என்றார், மாடிப்படி என்றேன். மாத்திரை என்றார், அதையும் விடவில்லை.

அதற்குப் பிறகு வந்த காலம்தான் எங்கள் குடும்பத்தின் பொற்காலம். சிரிக்காதீர்கள், தம்பி. கடைகண்ணியெல்லாம் நானே போனேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அவள் துணியைக்கூட நான்தான் துவைத்தேன், எங்கள் குடும்பத்தில் எந்த ஆம்பளை செய்திருக்கிறான்? படியேறும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வாள். அவ்வளவு நெருக்கம் எங்களுக்குள் அதற்கு முன்பு இருந்ததில்லை. ஒருநாள் பாதிப்படியில் நின்றுவிட்டாள். மார்பில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பயந்துபோய் அவளைப் படியிலேயே உட்கார வைத்தேன். கூடவே, மறைப்பானேன், ஒரு நிம்மதி. நான் சொன்னது முழுப் பொய்யில்லை போலிருக்கிறதே என்று.

பிறகு அவளுடைய அப்பா படுத்த படுக்கையானார். இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம் என்று பார்த்தேன், நீங்கள் விடமாட்டீர்கள் போலிருக்கிறது.

அவளுடைய அக்கா அழுதுகொண்டே கூப்பிட்டாள். "உன் பேரைத்தான்டி சொல்லிட்டே இருக்கார்." இவள் அன்றே பெட்டியை இறக்கிவிட்டாள். போய்விட்டுத் திரும்பி வருவாள் என்பதற்கு என்னிடம் எந்த உத்தரவாதமும் இல்லை. அங்கே எல்லோரும் அவளோடு நேரடியாகப் பேசுவார்கள். அவள் தெருவில் நடப்பாள், சிரிப்பாள், படியேறுவாள், ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகவில்லையே என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

"எதுக்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றேன்.

அவருக்கு விஷயத்தைச் சொன்னதும், "உடனே போகட்டும். ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டாம். அப்பாவைப் பாக்கறதுதான் இவங்களுக்கும் மருந்து" என்றார். பிறகு மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், சொன்னேனே.

"விமானத்துல ஏறினா உயிருக்கே ஆபத்துன்னு சொல்றார்" என்றேன்.

தன் இதயத்துக்காகத்தான் டாக்டர் இவ்வளவு வருத்தப்படுகிறார் என்று அவள் நினைத்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, அவர் கையைத் தட்டி அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

அவளுடைய அப்பா போனபோது கைப்பேசித் திரையில்தான் பார்த்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு நொடிகூட நகரவில்லை.

என்னைக் கவிழ்த்தது என் தொழில் திறமையேதான். சமையலறையில் குழாய் ஒழுகியது. இந்த ஊரில் குழாய்க்காரர் சொன்ன நாளில் வரமாட்டார் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அடுத்த நாள் வருவார், அடுத்த வாரம் வருவார், சிலபேர் வீட்டை மாற்றிக்கொண்டு போன பிறகும் வந்திருக்கிறார். நான் தொலைபேசியில் அவரைக் குளிப்பாட்டினேன். உங்கள் கைராசி இந்தத் தெரு முழுக்கப் பேசப்படுகிறது, நீங்கள் தொட்ட குழாய் மறுபடி ஒழுகியதே இல்லையாம், உங்களைத் தவிர வேறு யாரையும் கூப்பிட மனம் வரவில்லை. கூடவே, "நான் வீட்ல இருக்கற நாளாப் பார்த்து வாங்க. என் மனைவிக்கு வெளியாட்களோட பேசப் பிடிக்காது" என்று ஒரு நாளையும் குறித்துக்கொடுத்தேன்.

மனிதர் புகழ்ச்சிக்கு ஏங்கிப்போனவர் போலிருக்கிறது. சொன்ன நாளுக்கு முந்தின நாளே வந்து நின்றுவிட்டார். சொன்ன நாளுக்கு முன்னால் வந்த குழாய்க்காரரை அகில உலகத்திலும் யாராவது பார்த்ததுண்டா? இதற்கெல்லாம் ஒரு மனிதன் எப்படித் தயாராக இருக்க முடியும்?

அங்கே நடந்தது அவள் இங்கே வாக்குமூலத்தில் சொன்னதுதான். நீங்கள்தானே எனக்கு அதைப் படித்துச் சொன்னீர்கள். அவர் குழாயைக் கழற்றினார், அவள் நிரம்பிய வாளியைத் தூக்கிக் கொட்டினாள். தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவர் தன் கைப்பேசியை எடுத்து அதனிடம் பேசினார். அது தமிழில் பேசியது.

"அம்மையீர், தாங்கள் அயலாருடன் உரையாட விரும்பாதவர் என்று தங்கள் கணவர் கூறினார். ஆயினும் தேநீர் மிக நன்று."

எந்தக் காலத்துத் தமிழோ. ஆனால் உளறவில்லை.  அவள் குனிந்து அதனிடம், "யாரு, நானா?" என்றாளாம்.

"தையல்கடை அம்மையார் தங்களுக்குப் பணி அளிக்க முன்வந்தபோதும் தாங்கள் இகழ்ந்து மறுத்தீர்கள் அல்லவா. அவர் இன்றளவும் வருந்துகிறார்."

அந்தக் குழாய்க்காரர் போகும்போது, அவள் கைப்பேசியிலும் அந்த வித்தையை வைத்துக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வீட்டுக்கு வந்தபோது ஒழுக்கு நின்றிருந்தது. "குழாய்க்காரர் வந்தாரா? என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்வார். எனக்கென்ன புரியவா போகுது" என்றாள். என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

அவளும் பேரம் பேசுகிறவள்தான் என்பதை நான் மறந்துபோனேன். பிடித்த பொருளைக் கண்டால் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். அடுத்த வாரம், "டாக்டரைப் பாக்கணும்ங்க. என்னவோ போல இருக்கு" என்றாள். கூட்டிப்போனேன். கைப்பையை மடியில் வைத்து, அதன் வாயைத் திறந்து வைத்திருந்தாள். கைக்குட்டை எடுக்கத்தான் என்று நினைத்தேன்.

"எங்கப்பாவைப் பாக்கப் போக வேண்டாம்னு அன்னிக்கு ஏன் சொன்னார்னு கேளுங்க" என்றாள்.

நான் டாக்டரிடம், "அதே மாத்திரையைத் தொடரலாமான்னு கேக்கறாங்க" என்றேன்.

"அதை எப்பவோ நிறுத்தியிருக்கலாமே. அவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே. அது சரி, அப்பாவைப் போய்ப் பாத்துட்டு வந்தாங்களா? எப்படி இருக்கார்?"

"நீ தாங்கியிருக்க மாட்டேங்கறார்" என்றேன் அவளிடம்.

அவள் கைப்பைக்குள் குனிந்து பார்த்தாள். டாக்டர் பேசியது அங்கே கைப்பேசித் திரையில் தமிழ் எழுத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. படித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு பையை மூடினாள். டாக்டரைப் பார்த்து, இந்த ஊர் மொழியில், தனக்குத் தெரிந்த நன்றியைச் சொன்னாள். வழியெல்லாம் என் தோளைப் பிடிக்கவில்லை. அதைக்கூட நான், இன்று கொஞ்சம் தெம்பாக இருக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது வீட்டில் இல்லை. தெருவில் தேடிக்கொண்டு போனேன். ஜன்னல் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனேன்.

"என்ன இது, உடம்பு என்னத்துக்கு ஆகும்? எழுந்து வா வீட்டுக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த கைப்பேசியை எடுத்து அதனிடம் தமிழில் சொன்னாள். "அம்மா, இவர் பேசறது எனக்குப் புரியலன்னு இவர்கிட்ட கொஞ்சம் சொல்லிடுங்க."

அது இந்த ஊர் மொழியில் சொன்னது. தையல்கடை அம்மா கேட்டுக்கொண்டார். வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்தார். என் பக்கம் திரும்பி, மிக மரியாதையாக, "ஐயா, நீங்க பேசறது இவங்களுக்குப் புரியலையாம்" என்றார்.

சரியான மொழிபெயர்ப்பு. ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. எனக்கு அப்படிச் செய்ய வந்ததே இல்லை.

அதிகாரி அம்மா இப்போது நேராகவே கேட்கிறார். நானும் நேராகவே சொல்கிறேன். ஆமாம். டாக்டர் சொல்லாததைச் சொன்னேன். அவளுக்கு எந்த நோயும் இல்லை என்று தெரிந்துகொண்டேதான் நோயாளி ஆக்கினேன். அவளுக்குக் கிடைத்த வேலையை, அவளை விரும்பிய மனிதர்களை, அவளுக்கும் எனக்கும் தெரிந்த ஒரே மொழியைக் கொண்டே அவளிடமிருந்து மறைத்தேன். அவளுடைய அப்பா கூப்பிட்டபோது போகவிடாமல் தடுத்தது நான்தான். யாரும் சொல்லித்தரவில்லை, யாருக்கும் பங்கில்லை. இதில் எதையும் மென்மையாக்க வேண்டாம், தம்பி. இந்த ஒரு தடவை தபால்காரராகவே இருங்கள்.

தண்டனையைப் பற்றி நான் பேரம் பேசப்போவதில்லை. அவர்கள் ஒட்டிய விலையே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்றுதான். அவள் இப்போது தையல்கடைக்கு மேலே, கடைசி மாடி அறையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. படியெல்லாம் செங்குத்து. அதில் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு, பாட்டு வேறு பாடிக்கொண்டு ஏறி இறங்குகிறாளாம். யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா? நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள், நீங்களாகச் சொல்வது போலச் சொல்லுங்கள். மெதுவாக ஏறட்டும். அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். அவள் இதயம் தாங்காது.